சைக்கிள் கற்க வயது தடையன்று, கற்பிக்கும் முறையே தடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018ஆம் ஆண்டில் ஜூன் 3ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது. அதிலிருந்து ஆண்டுதோறும் அந்த நாளை ஒட்டிச் சைக்கிளின் நன்மைகளைப் பற்றிய கட்டுரைகள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. இதயத்துக்கு நல்லது, மூட்டுகளுக்குச் சுமை குறைவு, எரிபொருள் மிச்சம், புகை இல்லை என்று அவற்றில் சொல்லப்படுவதெல்லாம் சரியே. ஆனால் அவற்றை எழுதுகிறவர்கள், வாசிக்கிறவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறார்கள். ஓட்டத் தெரியாத பெரியவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். சிறுவயதில் வீட்டில் சைக்கிள் இல்லாதவர்கள், பெண் என்பதால் ஏறவிடாமல் தடுக்கப்பட்டவர்கள், ஒருமுறை விழுந்து அடிபட்டதும் தொடாமலே விட்டுவிட்டவர்கள் எனப் பல வகையினர் இருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டே பலர் வாய் திறப்பதில்லை. அவர்களுக்கென்று அக்கட்டுரைகளில் ஒரு வரியும் இருப்பதில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நடுவயதைக் கடந்த பிறகே நான் சைக்கிள் கற்றேன். அதன்பின் என்னைப் போன்ற சிலருக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்தேன். அதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான்: பெரியவர்கள் கற்க முடியாமல் திரும்பிப் போவதற்கு வயது காரணமன்று, அவர்களுக்குக் கற்பிக்கப்படும் முறையே காரணம். வழக்கமான முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கற்பவரை உயரமான சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, ஒருவர் பின்னால் கேரியரையோ சீட்டையோ பிடித்துக்கொண்டு, “பயப்படாதீர்கள், நான் பிடித்திருக்கிறேன், மிதியுங்கள்” என்று சொல்லியபடியே கூட ஓடுவார். சற்றுத் தூரம் போனதும் சொல்லாமல் கையை எடுத்துவிடுவார். பத்து வயதுப் பிள்ளைக்கு இது ஒத்துவரக்கூடும். விழுந்தாலும் துள்ளி எழுந்துவிடும், பிடிப்பவருக்கும் அதன் எடை பெரிதன்று. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரை அப்படித் தாங்கிக்கொண்டு ஓடுவது யாருக்கும் எளிதன்று, ஓடினாலும் பயனில்லை. தெரியாமல் கையை எடுக்கும் அந்தச் சிறு ஏமாற்று வேலைதான், என் பார்வையில், இம்முறையின் மிக மோசமான பகுதி. ஒருமுறை அப்படி விழுந்தவர், அடுத்த முறை மிதிப்பதைவிடத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதிலேயே கவனமாக இருப்பார்.

பயனில்லை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளங்கையில் குச்சியை நிறுத்துகிறவர், குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கே கையை நகர்த்துவதைப் போல, சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கே ஹேண்டில்பாரைச் சற்றுத் திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் உடலின் எடைக்கு நேர் கீழே வந்து சேர்ந்து, வண்டி நிமிர்கிறது. சைக்கிளில் சமநிலை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சிறுசிறு திருப்பங்கள்தாம். பின்னாலிருந்து ஒருவர் பிடித்திருக்கும்போது, வண்டி சாய்வதைத் தடுப்பது அவருடைய கை. கற்பவர் ஹேண்டில்பாரால் அதைச் சரிசெய்யும் தேவையே எழுவதில்லை. ஆகவே எவ்வளவு தூரம் ஓட்டினாலும், சமநிலையைக் கற்றுக்கொள்வது பிடித்திருப்பவர்தானே ஒழிய மேலே உட்கார்ந்திருப்பவர் அல்லர். ஹேண்டில்பாரையே பிடித்துக்கொண்டு உதவுகிறவர்கள் செய்வது இன்னும் கெடுதல். நிமிர்வதற்கு இருக்கும் ஒரே வழியையும் அவர்கள் அடைத்துவிடுகிறார்கள். பின்சக்கரத்துக்கு இருபுறமும் பொருத்தும் சிறு துணைச் சக்கரங்களும் அப்படியே: அவை வண்டியைச் சாயவிடுவதில்லை, சாயாத வண்டியில் சாய்வைச் சமாளிக்கக் கற்க முடியாது.

இது வெறும் அனுபவப் பேச்சன்று. சுழலும் சக்கரங்களின் பம்பர விளைவால்தான் சைக்கிள் நிமிர்ந்து நிற்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்தது; முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், ஹேண்டில்பார் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் அமைந்திருப்பதே காரணம் என்றும் சிலர் விளக்கினர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், இவ்விரண்டு விளைவுகளும் இல்லாதவாறு ஒரு சிறு வண்டியைச் செய்து, ஆள் ஏறாமல் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். அது விழாமல் தானே ஓடியது. 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த அந்த ஆய்வில் நம் பேச்சுக்குத் தேவையான செய்தி, அந்த வண்டியும் சாயும் பக்கத்துக்கே தன் முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டது என்பதுதான். போதிய வேகம் இருந்தால்தான் இது நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடக்கும் வேகத்திலோ அதற்கும் குறைவாகவோ போகும்போது சைக்கிள் மிகவும் தள்ளாடுகிறது. பயத்தால் மெதுவாக மிதிக்கும் புதியவர், தாம் அறியாமலே மிகக் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்.

சைக்கிள் என்பது சிறுவயதில் கற்க வேண்டியது, அதை விட்டுவிட்டால் போயிற்று என்ற எண்ணமும் வரலாற்றுக்கு ஒவ்வாதது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிராய்ஸ் ஓட்டிக்காட்டிய இருசக்கர வண்டி பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டது. அதில் பெடலே கிடையாது. சீட்டில் உட்கார்ந்து, கால்களால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். முன்சக்கரத்தில் பெடல் பொருத்திய வண்டிகள் 1860களில் பாரிஸில் விற்பனைக்கு வந்தபோது, அவற்றை வாங்கியவர்கள் எல்லோரும் முதல்முறை ஏறுகிற பெரியவர்கள்தாம். அவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே அக்காலத்தில் பாரிஸிலும் நியூயார்க்கிலும் கூரையிட்ட கூடங்களில் சவாரிப் பள்ளிகள் நடந்தன. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் இன்றைய சைக்கிளின் வடிவத்தை ஒத்த வண்டியைக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அதன்பின் பெண்களும் பெரும் எண்ணிக்கையில் ஏறத் தொடங்கினர். அமெரிக்காவில் மதுவிலக்குக்காகவும் பெண்களின் உரிமைக்காகவும் பாடுபட்ட ஃபிரான்சிஸ் வில்லர்டு சைக்கிள் கற்றது தமது 53ஆம் வயதில். அவ்வளவு தொலைவு போவானேன்? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தபோது, பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் வளர்ந்த வயதில் ஓட்டக் கற்றார்கள். இவர்கள் எல்லோருக்கும் முடிந்தது நமக்கு முடியாமல் போக வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

டிராய்ஸின் வண்டியில் இருந்த ஒழுங்கே கற்பவருக்கு ஏற்ற ஒழுங்கு என்பது என் வாதம். முதலில் சமநிலை, பிறகு மிதிப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் கட்டுவதால்தான் பெரியவர்கள் திணறுகிறார்கள். செய்ய வேண்டியது எளிது. சைக்கிளின் இரண்டு பெடல்களையும் கழற்றிவிட வேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடியே இரு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிந்து, முழங்கால் சற்று மடங்கியிருக்கும் அளவுக்குச் சீட்டைத் தாழ்த்த வேண்டும். சீட்டு அவ்வளவு தாழாவிட்டால் அந்தச் சைக்கிள் கற்பதற்கு ஏற்றதன்று. வேறொன்றை இரவல் வாங்குவது நல்லது. எந்த பிரேக் லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், ஏறுவதற்கு முன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை மட்டும் திடீரென அழுத்தினால் உடல் முன்னே வீசப்படும். இரண்டையும் ஒன்றாக, படிப்படியாக அழுத்தும் பழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட வேண்டும். நிறுத்தத் தெரியும் என்ற நம்பிக்கை வந்தவருக்குப் பயத்தில் பாதி குறைந்துவிடுகிறது.

அதன்பின் சீட்டில் உட்கார்ந்து நடக்க வேண்டியதுதான். முதலில் சாதாரண நடை. பிறகு எட்டுகள் நீளும். பிறகு இரு கால்களாலும் ஒருசேர உந்தி, கால்களைச் சற்றே தூக்கி, வண்டி உருளும் வரை விட்டுப் பார்ப்பது. சாய்ந்தால் கால் உடனே தரையைத் தொட்டுவிடும் என்பதால், இங்கே விழுவது அரிது. எத்தனை நாளாகும் என்று கேட்பவர்களுக்கு நான் கணக்குச் சொல்வதில்லை. ஒருவருக்கு ஒரே மாலையில் வருவது இன்னொருவருக்குச் சில வாரங்கள் பிடிக்கலாம், அதனால் ஒருவர் கெட்டிக்காரர் என்றோ மற்றவர் மந்தம் என்றோ ஆகிவிடாது. கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. போக வேண்டிய இடத்தைத் தொலைவில் பார்க்க வேண்டும். குழியைப் பார்த்தால் குழிக்கே போவதும், மரத்தைப் பார்த்தால் மரத்தை நோக்கியே திரும்புவதும் எல்லாப் புதியவர்களுக்கும் நேர்வது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. தோளும் முழங்கையும் விறைத்துப்போனால் அந்தச் சிறு திருப்பங்கள் வாரா. கால் தூக்கிய நிலையில் நேராகவும் வளைந்தும் உருளப் பழகிய பிறகே பெடல்களைத் திரும்பப் பூட்ட வேண்டும். அதன்பின் புதிதாகக் கற்க வேண்டியது, ஒரு பெடலை முன்பக்கம் மேலாக, கடிகார முள் இரண்டு மணியைக் காட்டும் இடத்தில் வைத்து, அதை ஒரே அழுத்தில் அழுத்திக் கிளம்புவது ஒன்றுதான். அந்த முதல் அழுத்துத் தயக்கமில்லாமல் இருக்க வேண்டும். கிளம்பும்போது கிடைக்கிற வேகம்தான் இரண்டாவது காலுக்கு நேரம் கொடுக்கிறது.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே நல்லெண்ணத்தோடு தரப்படும் அறிவுரைகள் பல தவறானவை. விழுந்தால் அடிபடாது என்று புல்தரையிலும் மணலிலும் கற்கச் சொல்கிறார்கள். அங்கே சக்கரம் புதைந்து இழுக்கும், உருளவே உருளாது, வேகம் கிடைக்காததால் தள்ளாட்டம் கூடும், கற்பவர் தம் திறமைக் குறைவென்று நினைத்துச் சோர்ந்துபோவார். வழுவழுப்பான, கெட்டியான தரையே வேண்டும். மிகமிக லேசான சரிவும் அதன் முடிவில் நீண்ட சமதளமும் அமைந்தால் உந்தும் வேலையும் மிச்சம். வாகனம் வராத இடமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வேடிக்கை பார்ப்பவர்களும் வராத இடமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்திச் சொல்வேன். பெரியவர்களைத் தடுப்பது விழுவோம் என்ற பயத்தைவிடச் சிரிப்பார்கள் என்ற பயம். நடைபயிற்சிக்கு வருகிறவர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போவதும், பக்கத்தில் ஒரு சிறுவன் கையை விட்டு ஓட்டிக்காட்டுவதும் கெட்ட எண்ணத்தால் நடப்பவை அல்ல. ஆனால் அந்த மாலைப் பொழுதின் பயிற்சி அத்தோடு முடிந்துவிடும். கற்றுக்கொடுப்பவரும் குறைவாகப் பேசுவதே நல்லது. களைத்துப்போகும் வரை தொடராமல், கொஞ்ச நேரம் பழகி நிறுத்திவிட்டு மறுநாள் வந்தால், முந்தைய நாள் வராதது தானாக வந்திருப்பதைப் பலர் கண்டு வியப்பார்கள். உடல் கற்ற வித்தை உறக்கத்தில் உறுதிப்படுகிறது.

ஓட்ட வந்தபின் நேரும் ஒரு குறையையும் குறிப்பிட வேண்டும். கற்பதற்காகத் தாழ்த்திய சீட்டை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் பலர். தரையில் கால் எட்டுகிறது என்ற நிம்மதி அவர்களை விடுவதில்லை. ஆனால் அந்த உயரத்தில் மிதிக்கும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குவதால், சில வாரங்களிலேயே அதன் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். சைக்கிள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களும் விட்டுவிடுவார்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நேராக இருக்கும் உயரமே சரியான உயரம். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அந்த உயரத்தில் சீட்டில் உட்கார்ந்தபடி இரு பாதங்களையும் தரையில் ஊன்ற முடியாது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னே இறங்கி நிற்கப் பழக வேண்டும். ஒரேயடியாக உயர்த்தாமல் விரல்கடை விரல்கடையாக உயர்த்திக்கொண்டு போனால் பயமிருக்காது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று இருக்கிறதா என்பதையும் அடிக்கடி பார்க்க வேண்டும். பஞ்சர் ஆகாத டியூபிலிருந்தும் காற்று மெல்லக் கசியும் என்பது புதியவர்களுக்குத் தெரியாது.

தலைக்கவசம் தலையின் பின்புறம் தொங்காமல், புருவத்துக்கு இரண்டு விரல் மேலே மட்டமாக அமர வேண்டும். விழும்போது பெரியவர்கள் கையை ஊன்றுவது இயல்பு. மணிக்கட்டு முறிவது இதனால்தான். கையுறை தோல் உரிவதைத் தடுக்கும், எலும்பு முறிவைத் தடுக்காது. எலும்புத் தேய்மானம், தலைசுற்றல் போன்ற தொல்லைகள் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். அவர்களுக்கு மூன்று சக்கர சைக்கிள் ஒரு நல்ல மாற்று. அது சாயாது என்பதால், திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து உடலை உட்பக்கம் சாய்க்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உடலுழைப்பைச் சைக்கிளிலேயே பெற்றுவிடலாம். ஆனால் உடலின் எடையைச் சைக்கிள் தாங்கிக்கொள்வதால் எலும்புகளுக்கு அதில் வலு சேராது. நடையை விட்டுவிடக் கூடாது. இந்தக் குறையைச் சைக்கிளின் பெருமை பாடும் கட்டுரைகள் சொல்வதில்லை.

சாலைக்குப் போவது தனியொரு கல்வி. மைதானத்தில் நன்றாக ஓட்டுகிறவர் மறுநாளே போக்குவரத்தில் இறங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது வண்டி அந்தப் பக்கமே விலகிப் போகாமல் நேர்கோட்டில் செல்ல வேண்டும். ஒரு கையை எடுத்துச் சைகை காட்ட வர வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும். இம்மூன்றும் வந்த பிறகே சாலை. நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போனால், எதிர்பாராமல் திறக்கும் கதவில் மோத நேரும் என்பதால் ஒரு கதவின் அகலம் விலகிச் செல்வதையும் பழக வேண்டும். சாலைக்கே போக விரும்பாமல் பூங்காவின் பாதையோடு நிறுத்திக்கொள்கிறவரையும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

இதில் பொதுவில் செய்யக்கூடியது மிகக் குறைந்த செலவுடையது. மாலையில் பூட்டிக்கிடக்கும் பள்ளி மைதானங்களையும், விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் வாகன நிறுத்துமிடங்களையும் பொறுப்பில் வைத்திருப்பவர்கள், வாரத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் கற்கும் பெரியவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டால் போதும். பெடல் கழற்றி, சீட்டைத் தாழ்த்திய ஓரிரு சைக்கிள்கள் அங்கே இருந்தால் சொந்தச் சைக்கிள் இல்லாதவர்களும் வந்து கற்பார்கள். கற்பதற்கு முன்பே விலை கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் பலரைத் தயங்க வைக்கிறது.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த ஜூன் 3ஆம் நாளையொட்டி வெளியிடும் சிறப்புப் பக்கத்தில், ஓட்டத் தெரியாத பெரியவர்களுக்கென்று அரைப் பக்கம் ஒதுக்கி, மேற்சொன்ன முறையைப் படங்களோடு விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் பெடல் கழற்றும் படத்துக்குக் கீழே ஒரு குறிப்பையும் தவறாமல் சேர்க்க வேண்டும்: வலப்பக்கப் பெடலின் மரை வழக்கமானது, இடப்பக்கப் பெடலின் மரை அதற்கு நேர் எதிரானது, ஸ்பேனரைப் பெடலில் மாட்டி மேல்நோக்கி நிறுத்தி, சைக்கிளின் பின்சக்கரம் இருக்கும் திசைக்குத் தள்ளினால் இரண்டுமே கழன்றுவிடும். இது தெரியாமல் இடப்பக்கப் பெடலை மேலும் மேலும் இறுக்கிவிட்டு, முறையே சரியில்லை என்று கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்